ஏழு கொக்கியும் ஒரு முன்வாசலும்

பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தேன். எழுபத்தொரு வயதில் ஒருவன் ஏறக் கூடாத பொருள்களில் அதுதான் முதலாவது. கையில் ஓர் அரக்கன் முகம். சிவப்பு நாக்கு, முறுக்கு மீசை, இரண்டு கோரைப்பற்களில் ஒன்று உடைந்தது. உடைந்திருந்ததால்தான் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தார்.

கீழே என் மனைவி சந்திரா ஸ்டூலைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கை இடுப்பில் இருந்தது.

"ஏங்க, நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? சித்திரைக்கு வாசல் லட்சணமா இருக்கணும்னு கேட்டேன். நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீக?"

"நல்லாப் பிடி. ஆடுது."

"பொம்மை எதுக்குங்கிறேன். நீங்களே இப்படி மேல நின்னாப் போதும். ஒரு பய உள்ள வர மாட்டான்."

மாடிப்படிக் கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. வீட்டுச் சொந்தக்காரர் தவமணி. மேலே குடியிருக்கிறவர்.

"என்னண்ணே, மீசைக்காரரும் குடி வந்துட்டாரா?"

"ஆமா தம்பி. வெயிலுக்கு முந்திக் கட்டிப்புடலாம்னு."

"கட்டுங்க, கட்டுங்க. வீட்டுக்கு நல்லதுதானே" என்று சொல்லிவிட்டுத் தலை உள்ளே போயிற்று.

அப்பாவி மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அன்று காலையில்தான் அவருடைய வீட்டை விலைக்குப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. வருகிறவர்களுக்கு வீடு பிடித்துவிட்டால் நாங்கள் காலி செய்ய வேண்டும். பிடிக்கக் கூடாது. அதற்காகத்தான் ஸ்டூல். அதற்காகத்தான் மீசைக்காரர்.

எண்ணுகிறவன் பார்த்த வாசல்

மாட்டுச் சந்தையில் நான் தொலைந்துபோன கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். "உங்களுக்கு எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாதா?" என்று ஒரு வாசகர் அஞ்சலட்டையில் கேட்டிருக்கிறார். தெரியாது. அரசாங்கத்தில் நான் பார்த்த வேலையே எண்ணுவதுதான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கரடுகளில் தொழுவம் தொழுவமாகப் போய் ஆடு, மாடு, கோழி எண்ணினேன். கோழி எண்ணுவது கஷ்டம். அது நம்மைத் திருப்பி எண்ணுவதுபோலத் தலையை ஆட்டும்.

ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு மாடு இல்லை. வீட்டை எண்ணுகிறேன்.

பழங்காநத்தத்தில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தரைத்தளத்தில் இருக்கிறோம். தெருப்பக்கம் இரும்புக் கம்பிக் கதவு. அதற்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் நாலடி அகலம், பதினோரடி நீளத்தில் ஒரு முன்வாசல். மாடிப்படியும் அதற்குள்ளிருந்துதான் ஏறுகிறது.

அந்த வாசலில் இருந்தவற்றைச் சொல்கிறேன். மின்சார மீட்டர் பெட்டி ஒன்று. தண்ணீர் மோட்டார் சுவிட்ச் இரண்டு. அதில் ஒன்று வேலை செய்யாது, எது என்பது நாளுக்கு நாள் மாறும். மாடியும் கீழுமாகக் குடியிருப்பவர்கள் நாலு பேர், செருப்பு ஒன்பது ஜோடி. சுவரில் பாதி உரிந்த பச்சைச் சுண்ணாம்பு. கூரையில் இரும்புக் கொக்கிகள் ஏழு.

கொக்கிகளுக்குக் காரணம் உண்டு. தவமணிக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. ஒரு காலத்தில் வாழைத்தார்களை இங்கே தொங்கவிட்டுப் பழுக்க வைத்தாராம். பிறகு எலி வந்தது. தார் நின்றது. கொக்கி மிஞ்சியது.

நாங்கள் குடி வந்த அன்றே அவர் இரண்டு விதி சொன்னார். ஆணி அடிக்கக் கூடாது. பெயிண்ட் அடிக்கக் கூடாது. கொக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செல்போனில் வந்த வசந்தம்

வசந்த காலம் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. எங்களூரில் மாசி முடிந்ததும் மின்விசிறி சுடுகாற்றை அள்ளிப் போடும். வேப்பம்பூ கொட்டும். புங்கமரம் தளிர்க்கும். அதற்குள் தார்ச்சாலை இளகி, ரப்பர் செருப்பைப் பிடித்து இழுக்கும். இவ்வளவுதான் எங்கள் வசந்தம்.

சந்திரா அதைச் செல்போனில் பார்த்துவிட்டாள். ஏதோ குளிர்தேசத்துப் பெண். வாடகை வீட்டு வாசலை வசந்தத்துக்காகச் சிக்கனமாகப் புதுப்பிக்கிறாளாம். சிக்கனம் என்று சொல்லிக்கொண்டே பித்தளை விளக்கு வாங்குகிறாள், கம்பளம் வாங்குகிறாள், கதவில் மாட்டப் பூவளையம் வாங்குகிறாள்.

"ஐந்நூறு ரூவா குடுங்க, நான் அவளை விட நல்லாச் செஞ்சு காட்டுறேன்" என்றாள் சந்திரா.

வாடகை வீட்டைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை இருந்தது. போகும்போது எடுத்துக்கொண்டு போக முடிகிற பொருளுக்கு மட்டுமே செலவு செய்ய வேண்டும். அதை அவளிடம் விளக்கினேன்.

"உங்க கொள்கையை எடுத்துட்டுப் போக எம்புட்டு இடம் வேணும்?" என்று கேட்டாள்.

கொடுத்தேன்.

பக்கத்துச் சந்தில் வீடு கட்டுகிற இடத்தில் காலி பெயிண்ட் வாளிகளைக் கேட்டு வாங்கினாள். தேங்காய்ச் சிரட்டைகளைத் தேய்த்து எண்ணெய் பூசி, துளையிட்டு, சணல் கட்டி, அவற்றில் மணி பிளான்ட் வைத்தாள். செடியின் தண்டுகள் அத்தனையும் தெருவில் இரவல். யார் வீட்டு வாசலில் எது தழைத்திருந்தாலும் "ஒரு கணு கிள்ளிக்கிறேன்க்கா" என்று கேட்டாள். சாயம் போன சுங்குடிச் சேலையை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதி மீட்டர் பெட்டிக்கு மறைப்பு. மறு பாதி வீட்டுக் கதவுக்குத் திரை. கம்பிக் கதவின் துருவை உப்புத்தாள் கொண்டு தேய்க்கிற வேலை எனக்கு வந்தது. கம்பிகள் முப்பத்து நான்கு.

ஐந்து கொக்கிகளில் சிரட்டைச் செடிகள் ஏறின. ஆறாவதில் தவமணி இனாமாகக் கொடுத்த வெள்ளைப் பூசணி. கண் திருஷ்டிக்காக மார்க்கெட்டில் இருந்து அவரே கொண்டுவந்து, "வீட்டுக்கு முன்னாடி ஒண்ணு தொங்கட்டும்க்கா" என்றார். ஏழாவதில் கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கல். அதுவும் திருஷ்டிக்குத்தான்.

நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மேலும் ஐந்நூறு கேட்பாள் என்று பயம்.

நேற்றே அட்வான்ஸ் கொடுத்தவர்

சுங்குடித் திரை காயும் முன்பே தவமணி வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பூசணியைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணே, பையன் மெட்ராஸ்ல பிளாட் வாங்கணும்ங்கிறான். எட்டாவது மாடியாம். இதை வித்துட்டு நீங்க ரெண்டு பேரும் எங்ககூட வந்திருங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாங்குறவுக சொந்தமாக் குடி வருவாக போல. நீங்களும் ஒரு வீட்டைப் பாத்து வச்சுக்கங்க."

இதைக் கேட்டதும் நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு இந்தக் கதையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்.

மதுரையில் இது எங்களுக்கு ஐந்தாவது வீடு. வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி பெயர். இரண்டாவது சொந்த ஊர். மூன்றாவது, "ஊர்ல எந்தப் பக்கம்?" மூன்றாவதற்கு நான் பதில் சொன்னதும், "அடடா, நேத்துத்தான் சார் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள்.

எனக்கு முந்தின நாளே வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிற அந்த மனிதரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மதுரை முழுக்க வீடு பிடித்து வைத்திருக்கிறார். பெரிய பணக்காரராக இருக்க வேண்டும். ஆனால் எந்த வீட்டிலும் அவர் குடியேறியதாகத் தெரியவில்லை. மாதக் கணக்கில் 'வாடகைக்கு' பலகை தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

வயதானபின் நாலாவது கேள்வியும் சேர்ந்துகொண்டது. "ரெண்டே பேர்தானா? பிள்ளைக கூட இல்லையா?" மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கூப்பிடுகிறாள். அவள் வீட்டு வாசலில் எங்கள் செருப்பை வைக்கவே இடம் கிடையாது. இதைச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே அவர் கண் மாடிப்படியின் திருப்பத்தை அளக்கும். ஏதாவது ஆகிவிட்டால் இந்தத் திருப்பத்தில் தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா என்கிற கணக்கு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மதுரைக்காரர்களுக்கு அந்த மட்டுக்கு நாகரிகம் உண்டு.

தவமணி இந்த நாலில் ஒன்றையும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மோட்டாரைப் போட்டா அணைக்க மறக்க மாட்டீகளே?"

மறக்க மாட்டேன் என்றேன். எட்டு வருஷமாக மறக்கவில்லை.

இப்போது புரிந்திருக்கும். இந்த வீட்டை விட்டால் எங்களுக்கு ஆறாவது வீடு கிடைப்பது லேசில்லை.

சும்மாதான்மா

முதலில் பார்க்க வந்தவர்கள் திருமங்கலத்துப் பக்கம் ஒரு கணவன் மனைவி. புரோக்கர் முத்து அழைத்துவந்தான். அவனுக்கு வீடு விற்பதை விட, விற்பதைப் பற்றிப் பேசுவதில் ஆர்வம் அதிகம்.

"வாசலைப் பாருங்கம்மா. இம்புட்டு நீட்டு வாசல் இந்தச் சந்துலயே கிடையாது. காத்துப் பிச்சுக்கிட்டுப் போகும்."

அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார். செடியைப் பார்க்கவில்லை. பூசணியையும் படிகாரத்தையும் பார்த்தார்.

"எதுக்கு ரெண்டு கட்டியிருக்கீக?"

சந்திரா மனதில் ஒன்றும் இல்லாமல், "சும்மாதான்மா" என்றாள்.

மனதில் ஒன்றும் இல்லாதவர்கள் சொல்கிற 'சும்மாதான்' போல இந்த உலகத்தில் சந்தேகத்துக்கிடமான சொல் வேறு இல்லை. அந்த அம்மாள் கணவரின் சட்டையைப் பின்னால் இழுத்தார். "சும்மா எவளாவது ரெண்டு கட்டுவாளா?" என்று அவர் காதோரம் கேட்டது எனக்கும் கேட்டது. அடுப்படியைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். பிறகு கொக்கிகளை எண்ணினேன்.

அன்று சாயங்காலமே இரண்டு சிரட்டைகள் கீழே இறங்கின. ஒன்றின் இடத்தில் குதிரை லாடம். இன்னொன்றின் இடத்தில் ஆகாசக் கருடன் கிழங்கு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தளிர்விடுகிற கிழங்கு அது. பாம்பு வராது, பேய் வராது என்று விற்கிறார்கள். வீடு வாங்க ஆள் வராது என்பதைப் பாவம், விற்கிறவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

"என் செடியை ஏன் இறக்குனீக?" என்றாள் சந்திரா.

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப, ஆளுகளை விரட்ட என் வாசலை நாறடிக்கிறீக."

"வாசல் இருந்தாத்தானே நாறடிக்க முடியும்?"

இரண்டாவதாக வந்தவர் ஒரு வாலிபர். கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற அளவுகருவி. அளவுகருவி வைத்திருக்கிறவர் இதையெல்லாம் நம்ப மாட்டார் என்று கவலைப்பட்டேன். அவர் நம்பவில்லைதான். ஆனால் ஊரிலிருக்கிற அம்மாவுக்கு வீடியோவில் வீட்டைக் காட்டிக்கொண்டே வந்தார். போன் கூரைப் பக்கம் திரும்பியது. உள்ளிருந்து ஒரு குரல்:

"டேய், அது என்னடா தலைகீழாத் தொங்குது?"

"ஏதோ கிழங்குமா."

"கிழங்கா? வெளிய வாடா மொதல்ல. செருப்பைப் போடாம அப்படியே வாடா!"

வெளியே போனவர் செருப்பைக் கம்பியிடுக்கில் கைவிட்டு எடுத்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் யாரிடமும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "இதுக்கு முந்தி யார் இருந்தாக?" என்று கேட்டார்கள். "தெரியாதுங்க, நாங்க வர்றப்ப காலியா இருந்துச்சு" என்றேன். "ஏன் காலியா இருந்துச்சு?" என்றார்கள். "அதைச் சொந்தக்காரர்கிட்டத்தான் கேக்கணும்" என்றேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன். தொண்டை கட்டியிருந்தது.

ஆள் வந்துபோன ஒவ்வொரு முறையும் தவமணி மார்க்கெட்டிலிருந்து ஒரு புதுப் பூசணி கொண்டுவந்தார். "பழசு அழுகிருச்சுண்ணே, மாத்திக் கட்டுங்க." பழசு அழுகவில்லை. கல் மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் முந்தினதை விடப் பெரிதாக இருந்தது. வெகுளித்தனத்துக்கும் ஓர் அளவு உண்டே என்று எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

இப்படியாகச் செடிகள் ஒவ்வொன்றாக இறங்கி, கற்றாழை ஏறி, எலுமிச்சை மிளகாய்ச் சரம் ஏறி, கடைசிச் சிரட்டையின் இடத்துக்கு மீசைக்காரர் வந்த நாளில்தான் நான் ஸ்டூலின் மேல் நின்றிருந்தேன்.

அன்று வரவேண்டியவர்கள் வந்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியிலேயே நின்றார்கள். ஏழு கொக்கியையும் எண்ணினார்கள். அவர்கள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. திரும்பிப் போய்விட்டார்கள்.

பிரகாஷ் வந்தான்

வெற்றிக்கு விலை உண்டு. பூக்காரம்மா உள்ளே வருவதை நிறுத்திவிட்டார். பூவைக் கம்பியில் செருகிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அடுத்த வீட்டு அம்மாள் சந்திராவிடம், "ராத்திரில ஏதாச்சும் சத்தம் கேக்குதாக்கா?" என்று கேட்டாராம்.

"கேக்குது. இவர் கொறட்டை" என்றிருக்கிறாள் சந்திரா. அந்த அம்மாள் நம்பவில்லை.

வெறும் கொக்கியாக இருந்திருந்தால்கூடச் சந்திரா தாங்கியிருப்பாள். காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மீசைக்காரர் நாக்கை நீட்டினார். ஒரு வாரமாக அவள் கோலத்தைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் நாலு புள்ளிக்கு வந்துவிட்டது. எண்ணுகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் மீசைக்காரரை இறக்கவில்லை.

அப்போதுதான் சித்திரைத் திருவிழாவுக்கு லீவு போட்டுக்கொண்டு தவமணியின் மகன் பிரகாஷ் சென்னையிலிருந்து வந்தான். கையில் பெட்டியோடு கம்பிக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"அப்பா! இது வீடா, திருஷ்டிக் கடையா? இதைப் பாத்து எவன்ப்பா வாங்குவான்?"

தவமணி மாடிப்படியில் நின்றுகொண்டு, "அண்ணன்தான் கட்டினாரு. வீட்டுக்கு நல்லதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

என்னைக் காட்டிக் கொடுத்த வேகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிரகாஷ் நல்ல பையன். கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். சந்திராவிடம் போனான்.

"ஆன்ட்டி, இதையெல்லாம் எடுத்துடலாம். உங்க பழைய செட்டிங் போட்டோவை அம்மா அனுப்பிச்சாங்க. செம்மையா இருந்துச்சு. அதையே இன்னும் சூப்பராப் பண்ணிக் குடுங்க. பெயிண்ட் அடிச்சுக்கங்க, ஆணி அடிச்சுக்கங்க. செலவு என்னோடது. போட்டோ எடுத்து நெட்ல போட்டா ஒரு வாரத்துல வித்துரும்."

ஆணி, பெயிண்ட், செலவு. எட்டு வருஷமாக அவள் கேட்க நினைத்த மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. எங்களை வெளியே அனுப்புவதற்காக வந்தன.

அவன் மேலே போனதும் சந்திராவிடம் கெஞ்சினேன்.

"சுமாராச் செய். போதும்."

"சுமாரா எப்படிச் செய்யிறது?"

"கொஞ்சம் கோணலா, கொஞ்சம் கறுப்பா."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு, "எனக்கு வராதுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு சுவரைத் தேய்க்கப் போனேன்.

வாசல் ஆன வாசல்

சுவருக்கு மாந்தளிரின் இளம் நிறம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். கடைக்காரன் ஐந்து அட்டைகளைக் காட்டினான், ஐந்தையும் வேண்டாமென்று சொல்லி, இரண்டு டப்பாக்களைக் கலக்கச் சொன்னாள். கம்பிக் கதவுக்குக் கறுப்பு. படிக்குக் காவி, ஓரத்தில் வெள்ளைக் கரை. மாம்பழம் வருகிற மரப்பெட்டிகளைத் தவமணியே மார்க்கெட்டிலிருந்து இறக்கிப் போட்டார். அவற்றை ஆணி அடித்துச் சேர்த்து ஒன்பது ஜோடிச் செருப்புக்கும் அறை அறையாக ஓர் அடுக்கு. இறங்கிய சிரட்டைச் செடிகளோடு புதிதாகச் சிலவும் சேர்ந்து ஏழு கொக்கியிலும் ஏறின.

மிஞ்சிய பலகையை இரண்டு பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்து அவற்றின் மேல் வைத்து, பழைய போர்வையை மடித்துத் தைத்துப் போட்டாள். பெஞ்சி. தெருவோரப் புங்கமரத்து நிழல் சாயங்காலத்தில் அந்த இடத்துக்குத்தான் வந்து விழுகிறது என்பதை எட்டு வருஷமாக அங்கே வாழ்ந்த எண்ணுகிறவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருந்தாள்.

பிரகாஷ் படுத்தும் மண்டியிட்டும் படம் எடுத்தான். ஊருக்குப் போனான். போய்ச் சேருமுன்பே அவனுக்குப் போன்கள் வர ஆரம்பித்துவிட்டனவாம். நான் அட்டைப்பெட்டி சேர்க்கத் தொடங்கினேன். புரோக்கர் முத்துவிடம் எங்களுக்கு வீடு பார்க்கச் சொன்னேன். "பாக்கலாம் சார்" என்றான். எந்தப் பக்கம் என்று அவனும் கேட்டான்.

அந்த வாரம்தான் தவமணியிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்தால் நேராக மாடி ஏறுகிறவர் பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அக்கா, ஒரு செம்புத் தண்ணி." குடித்தார். எழுந்திருக்கவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள், "சாப்பாட்டைக் கீழ கொண்டா" என்று மேலே பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

ஒரு சாயங்காலம் அவர் பெஞ்சில் இருக்கும்போது போன் வந்தது. பிரகாஷ். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், மார்க்கெட் பழக்கம். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அப்பா, பார்ட்டி ரெடி. போட்டோ பாத்தே ஓகே சொல்லிட்டாங்க. நேர்லகூட வரலையாம். நம்ம கேட்ட ரேட்டு. நாளைக்கே அட்வான்ஸ்."

தவமணி அண்ணாந்து கொக்கிகளைப் பார்த்தார். ஒரு சிரட்டைச் செடி காற்றில் மெல்லச் சுற்றியது.

"அப்பா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ப்பா. அட்வான்ஸ் வாங்காத."

"ஏன்ப்பா?"

"எட்டாவது மாடில நான் எங்கப்பா உக்காருவேன்?"

"பால்கனி இருக்குல்ல."

"பால்கனில எவன் வருவான்? இங்க உக்காந்தா பத்துப் பேர் போறான், வாரான். என்னய்யா தவமணின்னு ஒரு வார்த்தை கேக்குறான். அங்க லிப்ட்டுக்குள்ள ஸ்டூலைப் போட்டா உக்காரச் சொல்ற?"

பிரகாஷ் நிறையப் பேசினான். வட்டி, வசதி, ஆஸ்பத்திரி என்று நியாயமாகத்தான் பேசினான். எல்லாவற்றுக்கும் இவர், "வாசலைப் பாத்தியாப்பா நீ? நல்லாப் பாத்தியா?" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவன், "உன் இஷ்டம்ப்பா. போட்டோவை எடுத்துடுறேன்" என்று சொல்லி வைத்தான்.

எனக்கு மூச்சு வந்தது.

"அண்ணே" என்றார் தவமணி, திரும்பாமலே. "திரைக்கு அடியில கால் தெரியுது. வெளிய வாங்க."

வந்தேன். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"அம்புட்டுப் பூசணியும் சும்மாவா குடுத்தேன்னு நினைச்சீக? திருஷ்டிக்காய் என்ன விலை விக்குதுன்னு மார்க்கெட்ல கேட்டுப் பாருங்க."

நான் அவரைப் பார்த்தேன். அந்த வெகுளி முகம் அப்படியேதான் இருந்தது. மீசைக்குக் கீழே மட்டும் ஏதோ நெளிந்தது.

"தெரிஞ்சேதான் குடுத்தீகளா?"

"பின்னே? மொதல்ல வந்த திருமங்கலத்து அம்மா ஓடுனப்பவே எனக்குப் பிடிபட்டுருச்சு. உங்களுக்குச் சாயங்காலந்தான் பிடிபட்டுச்சு. படிச்ச ஆளு, கொஞ்சம் தாமசம்."

"விக்க மனசில்லைன்னு பையன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே."

"மனசில்லைன்னா இந்தக் காலத்துப் பயலுக அதைக் காரணமா எடுத்துக்கிடுறதில்லண்ணே. பேய் இருக்குன்னாக்கூட யோசிப்பான்."

உள்ளேயிருந்து சந்திரா மூன்று டம்ளர் டீயோடு வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து என் செடியைப் பட்டினி போட்டீக. ரெண்டு சிரட்டை வாடிப்போச்சு. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"அண்ணன்தான்க்கா" என்றார் தவமணி, அதே வேகத்தில்.

காலை மடக்கு

இது நடந்து வைகாசியும் வந்துவிட்டது. வீடு இருக்கிறது. வாசலைத்தான் பறிகொடுத்துவிட்டோம்.

சாயங்காலமானால் மார்க்கெட் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். முதலில் தவமணி ஒருவர். பிறகு தக்காளி மண்டிக்காரர். பிறகு அவருடைய மச்சினன். வெங்காயக்காரர் தன் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியையே கொண்டுவந்து போட்டுவிட்டார். வெயில் தாழ்ந்ததும் பேச்சு ஆரம்பிக்கிறது. உலகத்தில் எந்தக் காய்க்கு என்ன கதி என்பது எங்கள் வாசலில்தான் தீர்மானமாகிறது. கோலம் மறுபடி பெரிதாகிவிட்டது. அதை மிதிக்கிறவர்களைத் திட்டுவதற்கென்றே சந்திரா ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்திருக்கிறாள். திட்டிவிட்டு டீயும் கொடுக்கிறாள்.

எனக்கு உட்கார இடமில்லை. ஒரு வார்த்தை கேட்கலாம். வாடகைக்கு இருக்கிறவன் எதைச் சொல்லிக் கேட்பது?

நேற்று முன்தினம் நடை போய்விட்டுத் திரும்பினேன். கம்பிக் கதவைத் திறந்தால் உள்ளே வழியில்லை. ஐந்து பேர் எதிரும் புதிருமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் பழக்கத்தில் கதவோரமே ஒதுங்கி நின்றேன். யாராவது பார்ப்பார்கள், பேச்சு முடியட்டும் என்று.

ஓரத்தில் இருந்தவர் புது ஆள். செல்லம்பட்டிப் பக்கமாம், கத்தரிக்காய் கொண்டுவந்தவராம். மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீட்டிய காலை எடுக்காமலே கேட்டார்.

"யாரு வேணும்? எந்தப் பக்கம்?"

எத்தனையோ வாசலில் கேட்ட கேள்விதான். பதில் நாக்கில் தயாராக இருந்தது.

அதற்குள் தவமணி அவர் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"யோவ், அவுக வீடுய்யா இது. காலை மடக்கு."

அந்த ஆள் பதறிக் காலை மடக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மடக்கினார்கள். மொத்தம் பத்துக் கால்கள். எண்ணிவிட்டுத்தான் உள்ளே போனேன்.